என் முகம் உள்ள புத்தகம்

சிறுபிள்ளை ஒன்று தன் உருவத்தைத் தானே வரைகிறது என்று வைத்துக்கொள்வோம். முகத்திற்கு எந்த வண்ணத்தைத் தீட்டுவது? அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் விற்ற மெழுகு வண்ணக்கோல் பெட்டியில் இக்கேள்விக்கு விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. வெளிறிய இளஞ்சிவப்புக் கோல் ஒன்றுக்குத் ‘தோல் நிறம்’ என்னும் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டிருந்தது. மாநிறமோ கறுப்போ கொண்ட பிள்ளை அந்தக் கோலைக் கையில் எடுத்தால், தன்னுடைய தோல் தோலே இல்லையோ என்று எண்ணியிருக்கக்கூடும். 1962ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பழைய பெயரை நீக்கி, பீச் பழத்தின் பெயரை அதற்குச் சூட்டியது.

ஒரு வண்ணக்கோலின் பெயர் அவ்வளவு பெரிய செய்தியா? பிள்ளைகள் தங்களைப் பற்றிய எண்ணத்தைச் சுற்றுப்புறத்திலிருந்துதான் பெறுகிறார்கள். 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலாளர் தம்பதியர் இதை ஆராய்ந்தனர். நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயதுவரையிலான கறுப்பினப் பிள்ளைகளிடம் காட்டினர். எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைச் சுட்டினர். எது உன்னைப்போல் இருக்கிறது என்ற கேள்விக்குச் சிலர் விடை சொல்லத் தயங்கினர், சிலர் அழுதும்விட்டனர். பள்ளிகளில் இன அடிப்படையில் மாணவர்களைப் பிரித்துவைப்பது சட்டத்திற்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வையும் குறிப்பிட்டது.

ஐந்து வயதிலேயே தன்னைத் தாழ்வாக எண்ணத் தொடங்கும் பிள்ளைக்கு நீண்ட அறிவுரையால் பயன் இல்லை. அந்த வயதில் அதன் கைக்கு எட்டுவது படக்கதைப் புத்தகமே. எழுத்தறியாத பிள்ளையும் படத்தை ‘வாசிக்கும்’. பிடித்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும். அதில் வரும் கதாபாத்திரத்தைத் தானாகவே எண்ணிக்கொள்ளும்.

ஆனால், எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்ததா? நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளிவந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் நூல்களை ஆராய்ந்து, 1965இல் தம் முடிவை வெளியிட்டார். அவற்றுள் கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்ற நூல்கள் நூற்றுக்கு ஏழுகூட இல்லை.

அந்தச் சூழலில் வெளிவந்ததுதான் எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி, படம் வரைந்த ‘பனி பெய்த நாள்’. போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்தவர் கீட்ஸ். 1940இல் ஓர் இதழில் வந்த கறுப்பினச் சிறுவனின் நிழற்படங்களை வெட்டியெடுத்து, சுமார் இருபது ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தார். அச்சிறுவனின் முகமே பீட்டர் என்னும் கதாபாத்திரமாக உருப்பெற்றது. சிவப்பு அங்கி அணிந்த பீட்டர் பனியில் கால்தடம் பதிக்கிறான், பனிமேட்டில் சறுக்குகிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் ஒளித்துவைக்கிறான். கதை இவ்வளவே. அவனுடைய நிறத்தைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்லும் இல்லை. படம் மட்டுமே அதைக் காட்டுகிறது. மற்ற பிள்ளைகளைப்போல் அவனும் விளையாடி மகிழ்வது இயல்பானது என்பதை நூல் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. 1963இல் அந்நூலுக்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது.

நல்ல புத்தகம் சிலருக்குக் கண்ணாடியாகவும் சிலருக்குச் சன்னலாகவும் இருக்கும் என்று ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் விளக்கினார். கண்ணாடியில் பிள்ளை தன்னைக் காண்கிறது. சன்னலின் வழியே பிறருடைய வாழ்க்கையைக் காண்கிறது. கண்ணாடியே கிடைக்காத பிள்ளை, தனக்கு மதிப்பில்லை என்று எண்ணிவிடும். கண்ணாடி மட்டுமே கிடைத்த பிள்ளையோ, உலகமே தன்னைப்போன்றவர்களுக்கானது என்று நம்பிவிடும். ஆகவே, இரண்டும் எல்லாருக்கும் தேவை.

நிறத்தை நேரடியாகப் பேசும் நூல்களும் பின்னர் வந்தன. கென்ய நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவரும் ஆஸ்கார் விருது பெற்ற நடிகையுமான லுபிட்டா நியாங்கோ 2019இல் ‘சுல்வே’ என்னும் நூலை எழுதினார். லுவோ மொழியில் சுல்வே என்றால் விண்மீன். நள்ளிரவின் நிறம் கொண்ட சுல்வே, அழிப்பானைக் கொண்டு தன் தோலின் கருமையைத் தேய்த்து அகற்றப் பார்க்கிறாள். பகல், இரவு என்னும் இரு சகோதரிகளின் கதையைக் கேட்ட பிறகு, உலகுக்கு இரவும் வேண்டும் என்பதை உணர்கிறாள். சிறுவயதில் தம்முடைய கருமையான நிறத்திற்காகக் கேலிக்கு ஆளானவர் நியாங்கோ.

பெயரும் ஒருவருடைய அடையாளம்தான். யாங்சூக் சோய் 2001இல் வெளியிட்ட ‘பெயர் ஜாடி’ என்னும் நூலில், கொரியாவிலிருந்து அமெரிக்கா செல்லும் உன்ஹே என்னும் சிறுமியின் பெயரை மற்றப் பிள்ளைகளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வெட்கப்பட்ட அவள், தனக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை என்று வகுப்பில் சொல்லிவிடுகிறாள். உடனே மாணவர்கள் ஆளுக்கொரு பெயரை எழுதி ஒரு ஜாடியில் போடுகிறார்கள். இறுதியில் அவள் தன் சொந்தப் பெயரையே தேர்ந்தெடுக்கிறாள். பல இனத்தவர் சேர்ந்து படிக்கும் பள்ளியில் திருநாவுக்கரசு, திருவாகவும் அரசாகவும் சுருங்குவதைக் கண்டவர்களுக்கு அச்சிறுமியின் தயக்கம் எளிதில் புரியும்.

பெரும்பாலும் விலங்குக் கதைகளே பிள்ளைகளைச் சட்டெனக் கவர்கின்றன. டேவிட் மெக்கீ 1968இல் படைத்த எல்மர், பலவண்ணக் கட்டங்கள் நிறைந்த யானை. மற்ற யானைகளைப்போல் ஆக விரும்பி, சாம்பல் நிறப் பழங்களின்மேல் புரண்டு தன் நிறத்தை மறைத்துக்கொள்கிறது. எல்லா யானைகளும் அப்போது இறுகிய முகத்தோடு அசையாமல் நிற்கின்றன. எல்மரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மழையில் சாயம் கரைந்து, பழைய எல்மர் வெளிப்படுகிறது. தன் நிறத்தை மறைத்தும் தன் இயல்பை அதனால் மறைக்க முடியவில்லை.

எனினும், வேறுபட்ட ஒருவரைப் பற்றிய கதை ஒவ்வொன்றும் தன்னை ஏற்றுக்கொள்ளக் கற்பிக்கிறது என்று கூறிவிட முடியாது. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ 1843இல் வெளிவந்தது. ஏளனத்திற்கு ஆளான குஞ்சு, அழகிய அன்னமான பிறகே பாராட்டைப் பெறுகிறது. அப்படியானால், அன்னமாக மாறாத வாத்தின் கதி என்ன? மாறாக, மன்ரோ லீஃப் 1936இல் எழுதிய ‘ஃபெர்டினாண்ட்’ நூலின் காளை, சண்டையிடுவதைவிட மரத்தடியில் அமர்ந்து பூக்களை முகர்வதையே விரும்புகிறது. கூட்டம் நிறைந்த போட்டித் திடலிலும் அது சண்டையிட மறுக்கிறது. யாரையும் வெல்லவில்லை, எந்தத் திறமையையும் காட்டவில்லை. இருப்பினும், கதை அதைத் தாழ்த்தவில்லை. விரும்பிய இடத்திற்கே திருப்பி அனுப்புகிறது. திறமையோ அழகோ வெளிப்பட்ட பிறகுதான் ஒருவருக்கு மதிப்பு என்னும் நிபந்தனை அங்கில்லை.

தன்னை ஏற்றுக்கொள்வது என்றால், குறைகளைத் திருத்தாமல் இருப்பது என்று பொருளாகாது. சோம்பலையும் கடுஞ்சொல்லையும் விட்டுவிட வேண்டியதுதான். நிறம், பெயர், உடலமைப்பு, பிறவிக் குணம் ஆகியவை குற்றங்கள் அல்ல. அவற்றுக்காக எந்தப் பிள்ளையும் வெட்கப்பட வேண்டியதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவே முக்கியம்.

அந்தத் தெளிவைப் புத்தகம் தனியாகத் தந்துவிடாது. கதை முடிந்ததும் நீதியைத் திணிப்பதைவிட, “சுல்வே ஏன் அழிப்பானை எடுத்தாள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது நல்லது. சில வேளைகளில் பிள்ளை சொல்லும் விடை சுல்வேயைப் பற்றியதாக இருக்காது. தன்னைப் பற்றியதாக இருக்கும். வீட்டில் தம்பி தங்கைக்குக் கதை படித்துக் காட்டும் அண்ணனும் அக்காவும் அந்த விடையைப் பொறுமையாகக் கேட்டாலே போதும். அடுத்த முறை தன் முகத்தை வரையும்போது, எந்த வண்ணத்தை எடுப்பது என்று அந்தப் பிள்ளை தயங்காது.