சுவரை உடைக்குமுன்... ஒரு நிமிடம்!



சிவில் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் வீட்டு வேலையெல்லாம் நம் தலையில்தான்! போன விடுமுறையில் எனக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. சென்னையில் இருக்கும் பெரியம்மா மகள் அக்காவும் மாமாவும், மூன்று தளமுள்ள பழைய குடியிருப்பின் கீழ்த்தளத்தில் 420 சதுர அடி வீடு வாங்கியிருந்தார்கள். வங்கிக் கடன் போக, வீட்டைச் சீரமைக்கக் கையில் இருந்தது இரண்டு லட்சம்தான்.

"தம்பி, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல இருக்கிற சுவரை எடுத்துட்டா வீடு பெரிசா தெரியும்ல? மேஸ்திரி ஒரே நாள் வேலைன்னு சொல்லிட்டாரு" என்றார் அக்கா.

கதவு நிலையருகே டேப் வைத்து அளந்தேன். பூச்சோடு 10 அங்குலம். அதாவது 9 அங்குலச் செங்கல் சுவர். வீட்டில் எங்கும் தூணும் இல்லை, பீமும் இல்லை. சிலாப் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. மேல் மாடிகள் இரண்டிலும் அதே இடத்தில் அதே சுவர்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 0.23 மீட்டர் தடிமன். கன மீட்டருக்குச் சுமார் 2 டன் வீதம் ஒரு மாடிச் சுவர் 4 டன். இரண்டு மாடிக்கு 8 டன்! சிலாப், சாமான், ஆட்கள் எடை தனி. மேல் வீட்டில் இரண்டு குழந்தைகள் விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "அக்கா, இதைத் தொடவே கூடாது" என்றேன். அக்கா முகம் வாடிவிட்டது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவரும் அதையேதான் சொன்னார்.

தூண், பீம் உள்ள கட்டடத்தில் 4½ அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் பெரும்பாலும் எடுக்கலாம். அதையும் பொறியாளர் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். விரிசலையும் அலட்சியம் செய்யக்கூடாது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின.

சரி, சுவரை உடைக்காமல் இடம் எப்படிக் கிடைக்கும்?

கதவு: 3 அடிக் கதவு திறந்து மூட ஏறக்குறைய 7 சதுர அடியை விழுங்குகிறது. படுக்கையறைக்குச் சறுக்குக் கதவு போட்டோம். அங்கே ஒரு பீரோ வைக்க இடம் வந்தது.

சாமான்: கட்டிலுக்கு அடியில் இழுப்பறை. கதவு மட்டத்துக்கு மேலே பரண். சுமை தாங்கும் சுவரிலேயே அலமாரிப் பலகைகள்.

தரை: பழைய தரைமேல் 2 அங்குலக் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினால் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் கூடும். மாடி வீடென்றால், வடிவமைப்பில் எடுக்கும் லைவ் லோடே 200 கிலோதான்! பாதியை நாமே தின்றுவிடலாமா? பழைய தரையை எடுத்துவிட்டுப் போடுவதே நல்லது.

குளியலறை: நீர்க்கசிவுத் தடுப்பு செய்தபின் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ்.

மின்சாரம்: சுவரில் குறுக்காகக் காடி வெட்டினால் ஆழம் சுவர்த் தடிமனில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 4½ அங்குலச் சுவரில் அது வெறும் ¾ அங்குலம். முடிந்தவரை நேர் செங்குத்தாக வெட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து பால் காய்ச்சிய அன்று மாமா சொன்னார்: "வீடு சின்னதுதான் தம்பி. ஆனா ராத்திரி நிம்மதியா தூக்கம் வருது."

நாளை நம்மிடமும் ஒருவர் வந்து கேட்பார்: "இந்தச் சுவரை உடைக்கலாமா சார்?" டேப்பை எடுத்து அளந்து, மேலே என்ன நிற்கிறது என்று பார்த்த பிறகே வாயைத் திறப்போம், நண்பர்களே!