ஒரே மனிதர், மூன்று பெயர்கள்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னையும் பாக்கும் பயிரிடும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். திருமுழுக்கு ஏட்டில் தந்தையின் பெயர் சூசை, குடும்ப அட்டையில் ஜோசப், பட்டாவிலோ சூசையப்பன். மூவரும் ஒருவரே என்பதை ஊர் அறியும். பங்குக் குருவும் அறிவார். கணிப்பொறி அறியுமா? அதற்கு இவர்கள் மூன்று வேறு மனிதர்கள். தந்தை மறைந்தபின் பிள்ளைகள் பட்டா மாறுதல் கேட்டுச் செல்லும்போதுதான் இதன் சுமை தெரிகிறது.

அரசு ஏடுகளைக் கணிப்பொறிக்குக் கொண்டுவரும் பணி நம் நாட்டில் வேரூன்ற உழைத்தவர்களுள் முதன்மையானவர் முனைவர் என். சேஷகிரி. 1976இல் தோன்றிய தேசியத் தகவலியல் மையத்தை நிறுவி வளர்த்தவர் அவர். மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியாக இணைத்த நிக்நெட் அமைப்பு அவர் காலத்தில் உருவாயிற்று. 1988-89இல் எட்டு மாநிலங்களில், மாநிலத்திற்கு ஒரு மாவட்டமாக, நில ஆவணங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் முயற்சி தொடங்கியது. 2005இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2013இல் காலமானார்.

ஆயினும் ஏட்டிலுள்ளதைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது; அதற்கு ஒழுங்குமுறை வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970இல் அதற்கு வழி காட்டினார். செய்திகளை அட்டவணைகளாக அமைக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும். ஒரு செய்தி ஓரிடத்திலேயே இருத்தல் வேண்டும். இந்நெறியில் பிறந்த எஸ்.கியூ.எல். மொழி 1987இல் உலகத் தர நிர்ணயமாயிற்று. நம் நிலத்திற்கும் இவ்வாறே மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவை சேர்ந்து அடையாளமாகின்றன. ஒவ்வொரு நிலத்திற்கும் பதினான்கு இலக்க எண் வழங்கும் திட்டம் 2021இல் தொடங்கப்பட்டது.

தமிழுக்கு மற்றுமோர் இடர் இருந்தது. ஒரு கணிப்பொறியில் தட்டிய தமிழ் வேறொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறாயிருந்ததே காரணம். 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டை அடுத்துத் தரப்படுத்தும் முயற்சி வலுப்பெற்றது. நம் கோவையில் செம்மொழி மாநாடு நடைபெற்ற 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தமிழக அரசு தன் தரமாக ஏற்றது.

இவ்வொழுங்கு திருச்சபைக்குப் புதிதன்று. ஒருவர் எவ்வூரில் உறுதிபூசுதல் பெற்றாலும், எங்கே மணம் புரிந்தாலும், அச்செய்தி அவருடைய திருமுழுக்கு ஏட்டில் குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வாழ்க்கை எங்கே சென்றாலும் பதிவு ஓரிடத்தில் நிற்கிறது.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. பிள்ளைக்குப் பெயரிடும் நாளிலேயே அதன் எழுத்துகளை முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழிலும், திருமுழுக்கு ஏட்டிலும், பள்ளியிலும் அதே எழுத்துகளைத் தாருங்கள். பெரியோர் உயிரோடிருக்கையிலேயே பட்டாவையும் ஆதார் அட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் வேறுபட்டிருந்தால், அவர்கள் கையொப்பமிட்டுத் திருத்தக்கூடிய காலம் இதுவே. அவர்கள் மறைந்தபின் அதே திருத்தம் பிள்ளைகளுக்குப் பெரும் அலைச்சலாகிவிடும்.