சொல்லி அணைத்தல்

நம் பங்கு அலுவலகங்களிலும் இல்லங்களிலும் கணிப்பொறி குடிபுகுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனை இயக்கக் கற்றவர் பலர். முறையாக அணைக்கக் கற்றவரோ சிலரே. திரை அசையாது நின்றுவிட்டால் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டிவிடுவதும், இன்னும் பொறுமையற்றவர் பிளக்கையே பிடுங்கிவிடுவதும் நாம் காணாத காட்சிகள் அல்ல. மின்விசிறியை நிறுத்துவது போலவே இதனையும் நிறுத்திவிடலாம் என்பது அவர்களது எண்ணம். மின்விசிறிக்கு நினைவு இல்லை, கணிப்பொறிக்கு உண்டு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

கணிப்பொறியினுள் எழுத்துகள் தங்குமிடம் இரண்டு. ஒன்று, மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிலைக்கும் நினைவகம். மற்றொன்று, மின்சாரம் நின்ற பின்னும் அழியாது காக்கும் வட்டு. நாம் தட்டச்சு செய்பவை முதலில் நினைவகத்திற்கே செல்கின்றன. சேமிக்கும்படி கட்டளையிட்ட பிறகுங்கூட, வேகத்தைக் கருதி, பொறி அவற்றைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்து பின்னரே வட்டில் எழுதுவது உண்டு. அந்த இடைவேளையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் எழுதப்படாதவை மறைந்துபோகும். பாதி எழுதிய நிலையில் நின்றுபோனாலோ, முன்பு நன்றாக இருந்த கோப்பும் கெட்டுப்போகக் கூடும்.

திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான பதிவேடுகளை ஒவ்வொரு பங்கும் வைத்துப் பேண வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தன் 535-ஆம் சட்டத்தில் விதிக்கிறது. மையால் எழுதிய ஏட்டின் படியைக் கணிப்பொறியிலும் ஏற்றிவைக்கும் பங்குகளில், ஒரு மாலை முழுதும் அமர்ந்து ஏற்றிய பெயர்கள் ஒரு சுவிட்சின் அசைவில் போய்விடலாம். பெயர் போனது பல நாட்களுக்குத் தெரியவும் தெரியாது. திருமணத்திற்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு ஒரு மகளோ மகனோ வந்து நிற்கும் அன்றுதான் தேடல் தொடங்கும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டு கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். ஒரே பொறியைப் பலர் தத்தம் முனையங்களில் அமர்ந்து ஒரே வேளையில் பயன்படுத்த வகைசெய்தது அது. சுட்டியால் தொட்டு அழுத்தும் பொத்தான்கள் அதில் இல்லை. கட்டளையை எழுத்தாகத் தட்டச்சு செய்வதே வழி. யூனிக்ஸில் ‘சிங்க்’ என்றொரு கட்டளை உண்டு. நினைவகத்தில் தேங்கியிருப்பதை வட்டில் எழுதிவிடு என்பது அதன் பொருள். பொறியை நிறுத்துமுன் அதனை மூன்று முறை தட்டச்சு செய்வது பழைய நிர்வாகிகளின் வழக்கம். கேட்பதற்கு நம் பாட்டிமார் மும்முறை சிலுவை அடையாளம் வரைவது போலத் தோன்றினும், அதற்குத் தக்க காரணம் இருந்தது. அக்கட்டளை எழுதும் வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு, அது முடியுமுன்பே திரும்பிவிடும். மேலும் இருமுறை தட்டச்சு செய்து முடிப்பதற்குள் வட்டு தன் பணியை முடித்திருக்கும். பரபரக்கும் விரல்களைக் காத்திருக்கச் செய்ய அவர்கள் கண்ட உபாயம் அது.

பலர் பயன்படுத்தும் பொறியை ஒருவர் திடுமென நிறுத்திவிடலாகாது அன்றோ? ஆகவே ‘ஷட்டவுன்’ என்னும் கட்டளை ஏற்பட்டது. திருப்பலிக்கு முன் நம் கோவில்களில் முதல் மணி, இரண்டாம் மணி என்று அடிக்கிறார்களே, ஏறத்தாழ அம்முறைதான். இத்தனை நிமிடத்தில் பொறி நிற்கப்போகிறது என்னும் அறிவிப்பு எல்லார் திரையிலும் தோன்றும். இன்றைய லினக்ஸ் அமைப்புகள் பலவற்றில், நேரம் குறித்து இக்கட்டளையை இட்டால், நிற்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே புதிதாக எவரும் உள்நுழைய இயலாதபடி வாயில் அடைக்கப்படும். நேரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு நிமிடம் அவகாசம். வேளை வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், வேலையை முடித்துக்கொள் என்று முதலில் நயமாகச் சொல்லப்படும். குறித்த அவகாசத்திற்குள் கேளாதவையே வலிந்து நிறுத்தப்படும். பின்னர் வட்டுகள் முறையாக மூடப்பட்டு, கடைசியில்தான் மின்சாரம் நிற்கும்.

வீட்டுக் கணிப்பொறிகள் தம் மின்சாரத்தைத் தாமே துண்டித்துக்கொள்ளக் கற்றதும் பிற்காலத்தில்தான். 1995-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸில், பழைய பொறிகளில், எல்லாம் முடிந்ததும் ‘இனி நீங்கள் அணைக்கலாம்’ என்ற பொருளில் கருந்திரையில் செம்மஞ்சள் எழுத்துகள் தோன்றும். அதைக் கண்ட பின்னரே நாம் பொத்தானை அழுத்துவோம். அந்த எழுத்துகள் மறைந்ததில் நமக்கு வசதியே எனினும், அவை கற்பித்த பொறுமையும் உடன் மறைந்துவிட்டது.

இனி, நம் வீட்டுப் பொறிக்கு வருவோம். விண்டோஸில் தேடும் கட்டத்தில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஒரு கருநிறச் சாளரம் திறக்கும். அதில் ‘ஷட்டவுன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஓர் இடம் விட்டு, வலப்புறம் சாய்ந்த கோட்டையும் எஸ் என்னும் எழுத்தையும் சேர்த்தால் அது அணைக்கும் கட்டளை. எஸ்ஸுக்குப் பதில் ஆர் என்றால், அணைந்து மீண்டும் எழும். அதன் பின் ஓர் இடம் விட்டு, சாய்கோட்டுடன் டி என்னும் எழுத்தையும் மேலும் ஓர் இடம் விட்டு 600 என்ற எண்ணையும் தந்தால், 600 விநாடி, அதாவது பத்து நிமிடம் கழித்து அணையும். எண் தராவிட்டால் 30 விநாடி. மனம் மாறினால் ‘ஷட்டவுன்’, சாய்கோடு, ஏ என்று தட்டலாம். நேரம் முடியுமுன் தட்டினால் கட்டளை நீங்கிவிடும். பத்தாண்டு வரை தவணை தர முடியும் என்பது வேடிக்கையான செய்தி. யாருக்கு அது பயன்படுமோ!

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரவு நெடுநேரம் பொறியின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளையை எழுப்ப, இவ்வாறு நேரம் குறித்து அணையும்படி செய்துவைக்கும் தந்தையர் உளர். நோக்கம் நன்று. ஆனால் சுழியத்திற்கு மேற்பட்ட எந்த எண்ணைத் தந்தாலும், திறந்திருக்கும் நிரல்களை வலிந்து மூடும் ஆணையும் அதனுள் அடங்கிவிடுகிறது. நேரம் வந்ததும், சேமிக்க வேண்டுமா என்று பொறி கேட்காது. பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தால் நட்டமில்லை. மறுநாள் தர வேண்டிய கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தால், அத்தனையும் போயிற்று. ஆகவே குறித்த நேரத்தை முன்னரே வாயாலும் சொல்லிவிடுவது நலம். திரையின் எச்சரிக்கையைப் பிள்ளைகள் படிக்காமலே மூடிவிடுவதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

மற்றொரு வியப்பு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், பொத்தானை அழுத்தி அணைத்தால் பெரும்பாலான பொறிகள் முழுமையாக அணைவதில்லை. அடுத்த முறை விரைந்து எழும்பொருட்டு, அமைப்பின் உட்பகுதியை அப்படியே வட்டில் பதித்துவைத்து உறங்குகின்றன. இதனால் சில கோளாறுகள், அணைத்து எழுப்பிய பின்னும் தீராமல் தொடர்கின்றன. மேற்சொன்ன எஸ் கட்டளையும் ஆர் கட்டளையும் அவ்வாறு பதித்துவைப்பதில்லை. எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகத் தொடங்குகின்றன. பழுது பார்ப்பவர் எடுத்த எடுப்பில் ‘ரீஸ்டார்ட் செய்தீர்களா?’ என்று கேட்பதில் பொருள் இருக்கிறது.

மின்வெட்டின்போது யூ.பி.எஸ். கருவி தருவது சில நிமிடங்களே. அதன் கூவல் கேட்டவுடன், எழுதியதை முதலில் சேமித்துவிட்டு, ‘ஷட்டவுன்’, எஸ், டி, சுழியம் என்று தட்டுவது நன்று. சுழியம் தந்தால் வலிந்து மூடும் ஆணை சேர்வதில்லை. சேமிக்காத கோப்பு எதேனும் இருந்தால் பொறி நின்று, அதனைக் காட்டி, நம் விடைக்காகக் காத்திருக்கும். பங்கு அலுவலகத்தில் இந்நான்கையும் ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தால், உபதேசியார் வெளியே சென்றிருக்கும் வேளையிலும் யாரேனும் ஒருவர் பொறியை முறையாக அணைத்துவிடலாம்.