தமிழ்த் தேசியமும் ஓட்டுச்சாவடியும்: பெரும்பாக்கத்திலிருந்து சில குறிப்புகள்

தமிழ்த் தேசியம் பேசும் கட்சிக்கு ஓட்டு போடுகிறவர்கள் எல்லாரும் தமிழ்த் தேசியவாதிகளா? திராவிடக் கட்சிக்கோ தேசியக் கட்சிக்கோ போடுகிறவர்களுக்குத் தமிழ் உணர்வு கம்மியா? 2026 சட்டமன்றத் தேர்தல் நெருங்க நெருங்க தொலைக்காட்சி விவாதங்களில் இந்த இரண்டுக்கும் "ஆமாம்" என்ற பதிலை முன்கூட்டியே வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். என் கணிப்பில் இரண்டுமே தப்பு. ஏன்னு கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் வெளியூர் உதாரணம் ஒண்ணு. ஸ்காட்லாந்தில் 2014 செப்டம்பரில் தனிநாடு வேணுமா, வேணாமான்னு பொதுவாக்கெடுப்பு நடந்தது. 55 சதவீதம் பேர் வேணாம்னு சொல்லிட்டாங்க. அத்தோடு ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் கதை முடிஞ்சதுன்னு பலர் நினைத்தார்கள். எட்டே மாதத்தில் வந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில் அந்தக் கட்சி ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56-ஐ அள்ளியது. தனிநாட்டுக்கு மறுப்பு சொன்ன அதே மக்கள்! சரி, அப்போ எல்லாரும் மனசு மாறிட்டாங்களா என்றால் அதுவும் இல்லை. 2024 தேர்தலில் கட்சி 9 இடத்துக்குச் சுருங்கியது. ஆனால் தனிநாட்டுக்கான ஆதரவு கருத்துக்கணிப்புகளில் கிட்டத்தட்ட பாதிக்குப் பக்கத்திலேயேதான் நின்றது. கட்சி விழுந்தது, கோரிக்கை விழவில்லை. வாக்காளர் இரண்டையும் வேறவேற தராசில் வைத்து நிறுக்கிறார்.

நம்ம ஊரில் இதே பாடம் ஐம்பது அறுபது வருஷம் முன்னாடியே நடந்து முடிந்துவிட்டது. 1962 தேர்தலில் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையோடுதான் நின்றது. சட்டமன்றத்தில் 50 இடம் கிடைத்தது; காஞ்சிபுரத்தில் அண்ணா மட்டும் தோற்றுப்போனார். தமிழ்நாடு மட்டும்தான் சாத்தியம், திராவிட நாடு நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லி 1961-ல் கட்சியை விட்டு வெளியே போன ஈ.வெ.கி. சம்பத் ஆரம்பித்த தமிழ் தேசியக் கட்சியை அதே தேர்தலில் மக்கள் கண்டுகொள்ளவே இல்லை. ஒரே மாதிரி உணர்வைப் பேசிய இரண்டு கட்சிகளில் ஒண்ணுக்கு ஏற்றம், இன்னொண்ணுக்கு இறக்கம். மக்கள் கோரிக்கையைத்தான் பார்த்தார்கள் என்றால் இந்த வித்தியாசத்தை விளக்கவே முடியாது. தெருத்தெருவாகக் கிளை, படிப்பகம், மன்றம், பேச்சாளர்னு தி.மு.க.வுக்கு இருந்த அமைப்பு சம்பத்துக்கு இல்லை.

அப்புறம் சீனப் போர். 1963-ல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்று சட்டமானது. தி.மு.க. பிரிவினையைக் கைவிட்டது. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்று அண்ணா சொல்லி வைத்தார். கொள்கையின் உயிரையே எடுத்துவிட்ட பிறகு கட்சி படுத்துவிடும் என்றுதானே கணக்கு? 1967-ல் ஆட்சியையே பிடித்தது. இடையில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் இருந்தது, அரிசிப் பஞ்சம் இருந்தது, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி இருந்தது. மொழியையும் அரிசியையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் அந்த வெற்றி என்பது என் வாசிப்பு. தனித்தனியாக விற்றிருந்தால் ரெண்டுமே அவ்வளவு போயிருக்காது.

இந்தத் திருத்தத்தால் இன்னொரு விளைவும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஸ்காட்லாந்து கட்சி தேர்தல் அறிக்கையிலேயே "தனிநாடு" என்று அச்சடிக்கலாம். இங்கே முடியாது. அதனால் இங்கே தேசிய உணர்வு ஒரே ஒரு கட்சியின் பெட்டிக்குள் உட்காராமல் எல்லாக் கட்சிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பரவிவிட்டது. 1974-ல் கலைஞர் கொண்டுவந்த மாநில சுயாட்சித் தீர்மானம், இருமொழிக் கொள்கையை அ.தி.மு.க. தொட மறுத்தது, 2025 மார்ச்சில் தொகுதி மறுவரையறைக்கு எதிராகச் சென்னையில் கூட்டப்பட்ட பல மாநிலக் கூட்டம் எல்லாம் இந்தப் பொதுச்சொத்திலிருந்து எடுத்த செலவுதான். மக்களவையின் 543-ல் நமக்கு 39. 1962-ல் 41 ஆக இருந்தது, 1967 தேர்தலில் 39 ஆனது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு இடம் குறையுமாங்கிற கேள்வி புத்தம்புதுசு ஒண்ணும் இல்லை.

இப்போ பெரும்பாக்கத்துக்கு வருவோம். நான் இங்கே குடிவந்து சில வருஷம் ஆகிறது. சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதி, தென்சென்னை மக்களவைத் தொகுதி. 2024-ல் வாக்காளர் எண்ணிக்கையில் தமிழ்நாட்டிலேயே பெரிய சட்டமன்றத் தொகுதியாக இருந்தது சோழிங்கநல்லூர்தான், அப்போது ஆறரை லட்சத்துக்கு மேல். ஒரே ஊருக்குள் இரண்டு உலகம். ஒரு பக்கம் ஐ.டி. ஊழியர்களின் அடுக்ககங்கள், தனியார் மருத்துவமனை. இன்னொரு பக்கம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் எட்டு மாடிக் கட்டடங்கள், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து எடுத்துக்கொண்டு வரப்பட்ட குடும்பங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்த வரவு வேகமெடுத்தது.

இதே ஊரில்தான் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் இருக்கிறது. 2004-ல் தமிழுக்குச் செம்மொழித் தகுதி கிடைத்தது தமிழ் உணர்வு அரசியலின் பெரிய வெற்றிகளில் ஒன்று. நிறுவனத்தின் புதிய கட்டடத்தை 2022 ஜனவரியில் பிரதமர் மோடி காணொலி வழியே திறந்து வைத்தார். 24 கோடி ரூபாய், முழுக்க ஒன்றிய அரசின் பணம். ஆக, தமிழுக்கு மரியாதை செய்வதில் இப்போ டெல்லியும் போட்டிக்கு இறங்கிவிட்டது. தமிழ்ப் பெருமை மட்டுமே ஒரு கட்சியை இன்னொரு கட்சியிலிருந்து பிரித்துக் காட்டும் என்று இனி நம்ப முடியாது.

குடியிருப்பு ஓரமாக டிபன் கடை வைத்திருக்கிற ஓர் அக்காவிடம் ஒருநாள் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமிருந்து வந்தவர். "தமிழ்நாடு தமிழனுக்குத்தான்னு மைக்குல பேசுறாங்க தம்பி. பேசட்டும். எங்க வூட்டுல தெலுங்குதான். எங்க ஆயா காலத்துலேர்ந்து மெட்ராஸ்ல பொறந்து வளந்தவங்க. அப்போ நாங்க யாரு?" என்றார். என்னிடம் சட்டுனு பதில் இல்லை. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. தூய்மைப் பணியில் அவர்கள் உழைப்பு எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். "யாரும் வாழலாம், ஆள்வது தமிழராக இருக்கணும்" என்று நாம் தமிழர் கட்சி சொல்லும்போது, யார் தமிழர் என்பதை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி இந்த அக்காவின் கல்லாப்பெட்டி வரைக்கும் வந்து நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதே தமிழ்த் தேசிய மேடைகளில் கேட்கும் "பூர்வகுடிகள் சென்னையை விட்டுத் துரத்தப்படுகிறார்கள்" என்ற பேச்சு இவர் நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரே கொள்கை, ஒரு வாக்கியத்தில் இவரைச் சேர்க்கிறது, அடுத்த வாக்கியத்தில் கழட்டி விடுகிறது.

இதற்கு நேர்மாறாக உணவு டெலிவரிக்கு வண்டி ஓட்டுகிற ஒரு தம்பி. "ஜெயிக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்ணா. ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாச்சு. கூட்டணி வெக்காம நிக்கிறாங்கல்ல, அதுக்குத்தான் போட்டேன்." ஈழம், மொழி எதையும் அவர் எடுக்கவே இல்லை. ரெண்டு பேர் சொன்னதை வைத்து முடிவு கட்டக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்களைக் கூட வைத்துப் பார்த்தால் இது தனிக்குரலாகத் தெரியவில்லை.

நாம் தமிழர் கட்சி 2016-ல் சுமார் 1 சதவீதம் வாங்கியது. 2019-ல் கிட்டத்தட்ட 4, 2021-ல் ஆறரைக்கு மேல், 2024-ல் 8-ஐத் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரம். ஒரு தொகுதியும் ஜெயிக்கவில்லை. சி.பா. ஆதித்தனார் 1958-ல் இதே பெயரில் தொடங்கிய இயக்கம் கடைசியில் தி.மு.க.வில் போய்ச் சேர்ந்தது. சீமான் கூட்டணியே வேணாம்னு நிற்பதற்கு அந்த வரலாறும் ஒரு காரணமாக இருக்கலாம், என் ஊகம்தான். 2021-ல் 234 தொகுதிகளில் 117 பெண்களை நிறுத்தியதற்காகவே ஓட்டு போட்டவர்களும் உண்டு. சின்னத்தையே பறிகொடுத்து, கரும்பு விவசாயிக்குப் பதில் மைக் சின்னத்தில் நின்ற 2024-லும் ஓட்டு ஏறியது என்பதைக் கவனிக்கணும். இதில் தமிழ்த் தேசிய நம்பிக்கை எவ்வளவு, இரண்டு கழகங்கள் மேல் சலிப்பு எவ்வளவு?

இதைப் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் ஒரு கேள்வியைப் பயன்படுத்துகிறார்கள். லூயிஸ் மொரேனோ என்பவர் ஸ்காட்லாந்தை ஆராய்ந்தபோது பிரபலமாக்கியது. நீங்கள் ஸ்காட்லாந்துக்காரர் மட்டுமா, பிரிட்டிஷை விட ஸ்காட்லாந்துக்காரரா, இரண்டும் சமமா, என்று ஐந்து படிகளில் கேட்பது. இந்தியாவிலும் இதே பாணியில் கேட்டிருக்கிறார்கள். ஆல்ஃபிரட் ஸ்டீபன், யுவான் லின்ஸ், யோகேந்திர யாதவ் மூவரும் எழுதிய 2011 புத்தகம் தமிழ்நாட்டையும் இலங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரட்டை அடையாளத்துக்கு இடம் கொடுத்த நாட்டில் பிரிவினை தணிந்தது, ஒற்றை அடையாளத்தைத் திணித்த நாட்டில் போர் வந்தது என்று வாதிடுகிறது. எனக்குப் பெருமளவு உடன்பாடு. ஆனால் அவர்கள் சட்டத்தின் பயத்தைக் கொஞ்சம் குறைத்தே எடைபோடுகிறார்கள் என்று தோன்றும். பதினாறாவது திருத்தம் இல்லாமல் 1963 அதே மாதிரி முடிந்திருக்குமா?

இன்னொரு விஷயம்: எந்தத் தேர்தல் என்பது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வுக்கு 2 இடம். நாலே மாதத்தில், மே மாத சட்டமன்றத் தேர்தலில் 129. 2019 இன்னும் சுவாரசியம். மக்களவையில் அ.தி.மு.க. அணிக்குத் தேனி மட்டும் மிஞ்சியது. ஆனால் அப்போது நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் 9-ஐ அந்தக் கட்சி ஜெயித்து எடப்பாடி ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. அதில் 18 தொகுதிகளில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. ஒரே வரிசையில் நின்று, அடுத்தடுத்து இரண்டு பொத்தானை அமுக்கி, டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு போட்ட வாக்காளர்கள் அத்தனை பேர். ஸ்காட்லாந்துக்காரர்களும் எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் இப்படிப் பிரித்துப் போடுகிறவர்கள்தான்.

2026-ல் இது இன்னும் சிக்கலாகும். 2024 அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில் விஜய், திராவிடமும் தமிழ்த் தேசியமும் தன் இரண்டு கண்கள் என்று சொல்லிவிட்டார். சீமான் கடுமையாகக் கோபப்பட்டதில் ஆச்சரியமே இல்லை. சலிப்பினால் நாம் தமிழருக்குப் போன ஓட்டு அந்தப் பக்கம் நகரும், கொள்கைக்காகப் போனது நிற்கும். அந்த 8 சதவீதத்தில் எது எவ்வளவு என்று இந்த முறைதான் வெளிச்சத்துக்கு வரும்.

வாக்குச்சாவடி வாரியான முடிவுகளைத் தேர்தல் ஆணையம் படிவம் 20-ல் வெளியிடும். பெரும்பாக்கத்தின் வாரியக் குடியிருப்புச் சாவடிகளையும் அடுக்ககச் சாவடிகளையும் தனித்தனியாகப் பிரித்து, 2021, 2024 எண்களோடு வைத்து ஓர் அட்டவணை போடலாம்னு இருக்கேன். வாக்குப்பதிவு சதவீதத்தையும் சேர்த்தே பார்க்கணும், 2024-ல் தென்சென்னை 54-ஐத்தான் தொட்டது. டிபன் கடை அக்காவின் ஓட்டு இப்போதும் பழைய விலாசத்திலேயே இருக்கிறதாம். பெயரை இங்கே மாற்ற விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போகணும்.