காட்டின் தீப்பருவமும் நம் விடுமுறையும்

மீனம்பாக்கம் விமான நிலையத்தை அடுத்துள்ள பல்லாவரத்தில் தொடங்கி, குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், தாம்பரம், பெருங்களத்தூர் என்று நீண்டு செல்லும் தென்புறநகர்ப் பகுதிகளில், பிள்ளையோ பெண்ணோ அயல்நாட்டில் குடும்பம் நடத்தும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. வயதான தம்பதிகள் இருவர் மட்டுமே வசிக்கும் அவ்வீடுகளில் பேரக்குழந்தைகளின் குரல் கேட்பது, எங்கோ ஒரு தேசத்துப் பள்ளிக்கூடம் விடுமுறை அறிவிக்கும்போதுதான். சிங்கப்பூரில் மார்ச் மாதத்தில் ஒரு வாரம், அமெரிக்காவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வசந்த கால விடுமுறை, வளைகுடா நாடுகளின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சில நாட்கள் என்று கிடைக்கிற அவகாசத்தில் ஓடி வருகிறவர்கள், தாம்பரத்து வெயிலைக் கண்டதும் குளிர்ந்த மலைப் பிரதேசம் ஒன்றை நாடுவது இயல்பே. விடியற்காலை நான்கு மணிக்கே சந்து முனையில் டெம்போ ட்ராவலர் வந்து நிற்கிறது. புளியோதரைத் தூக்கும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலமும் முன் இருக்கையின் அடியில் இடம்பிடிக்கின்றன. ஆஸ்துமா உள்ள பேரனின் இன்ஹேலரைப் பாட்டி தன் கைப்பையிலேயே பத்திரப்படுத்திக் கொள்கிறாள். கொடைக்கானல், உதகை, மூணாறு, முதுமலை என்று எங்கேயோ ஓரிடத்தில் அறைகள் முன்கூட்டியே பதிவாகியிருக்கின்றன.

ஆனால் அதே மார்ச் மாதந்தான் நம் மலைக்காடுகளின் தீப்பருவம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்து, உயரமான புல்வெளிகளை உறைபனி கருக்கி, இலையுதிர் காடுகள் தம் சருகுகளையெல்லாம் தரையில் பரப்பிவிட்ட பிறகு, பிப்ரவரியின் நடுப்பகுதியிலிருந்து கோடைமழை இறங்கும் வரையில், ஒரு பீடித்துண்டோ அணைக்காமல் விட்ட சமையல் நெருப்போ ஒரு மலைச்சரிவு முழுவதையும் எரித்துவிடப் போதுமானது. நம் நாட்டுக் காட்டுத் தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதரின் அஜாக்கிரதையினாலோ வேண்டுமென்றே வைப்பதனாலோ உண்டாகின்றன என்பதில் வனத்துறையினருக்குள் அபிப்பிராய பேதம் கிடையாது.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதியைத் தமிழகம் மறந்திருக்க முடியாது. வேலை நிமித்தம் சென்னைக்கு வந்து தங்கிய பெல்ஜியம் நாட்டவர் ஒருவர் 2008-இல் தோற்றுவித்த மலையேற்றச் சங்கம் ஒன்றின் மூலமாகச் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த மற்றொரு குழுவும், தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், உலர்ந்து நின்ற உயரமான புல்லுக்குள் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. சென்னைக் குழுவில் பெண்களே மிகுதி. கணினித் துறையில் உழைத்து, வார இறுதியில் இரண்டு நாள் நல்ல காற்றைச் சுவாசிக்கப் போனவர்கள் அவர்களில் பலர். முதலில் ஓடி வந்தவர்கள் குரங்கணி கிராமத்து ஜனங்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுமே. காயம்பட்டவர்களை இருட்டில் போர்வைகளில் சுமந்து இறக்கியவர்கள் அவர்களே. ஸ்தலத்தில் மாண்டவர்களும், பின்னர் மதுரையிலும் பிற இடங்களிலும் சிகிச்சை பலனின்றி மாண்டவர்களுமாக, 23 உயிர்கள் போயின. அக்குழுவினர் அனுமதி பெறாத பாதையில் சென்றதாக வனத்துறை அப்போது கூறியது. மாண்டுபோன இளைஞர்களின் மீது குற்றம் சாட்டுவதற்காக நாம் அதை இங்கே நினைவூட்டவில்லை. அனுமதி என்பது ஏதோ ஒரு காகிதச் சடங்கல்ல, எந்தச் சரிவில் எந்த வாரம் புல் காய்ந்து நிற்கிறது என்பதை அறிந்த ஒருவரின் வாய்மொழி அது என்பதை நாம் அனைவருமே உணராதிருந்தோம் என்று சொல்வதற்காகவே கூறுகிறோம்.

சமவெளியில் வளர்ந்த நம்மவர்களுக்கு மலைத் தீயின் சுபாவம் தெரியாது. அடுப்புக்கு மேலே பரணில் வைத்த விறகு அடுப்புச் சூட்டிலேயே உலர்வதைப்போல, சரிவில் கீழே எரிகிற தீ தனக்கு மேலே உள்ள புல்லையும் புதரையும் முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. பகல் வெப்பத்தில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கியே வீசுவதால், சமதளத்தில் நடந்து வரும் நெருப்பு மலைச்சரிவில் பாய்ந்து ஏறுகிறது. ஆகவே, தீயைக் கண்டதும் உயரத்தை நோக்கி ஓடத் தோன்றும் மனிதப் பிரவிருத்தியே அங்கே பெரிய அபாயமாகிறது. பாறைத்தளமோ, ஏற்கெனவே எரிந்து கருகி ஆறிய நிலமோதான் புகலிடம்.

அந்தத் துயரத்துக்குப் பின் அரசு மலையேற்றத்துக்கென்றே 2018-இல் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை வழிகாட்டிகளுடன் திறந்துவிட்டது. அடுத்த தீப்பருவம் வந்ததும் அப்பாதைகளைப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மூடியும் வைத்தது. இது விவேகமான காரியம். ஆயினும் நடைபாதையை மூடலாம், கார் செல்லும் சாலையை எத்தனை நாள் மூடுவது? 2019 பிப்ரவரியில் முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது. 2024 மார்ச்சில் குன்னூரை அடுத்த காட்டுத் தீயை அணைக்கச் சூலூரிலிருந்து வந்த விமானப் படையின் ஹெலிகாப்டர் நீரை மொண்டு கொட்ட வேண்டியிருந்தது. அந்நாட்களில் அவ்வழியே உல்லாசமாகச் சென்ற வண்டிகள் எத்தனையோ.

விந்தை என்னவெனில், இவ்வண்டிகளில் வரும் அயல்நாட்டுத் தமிழர்கள் புகையை அறியாதவர்கள் அல்லர். சுமத்ராவில் எரிந்த காடுகளின் புகை 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீட்டை 401-க்கு உயர்த்தியதும், இரண்டு நாட்களில் மலேசியாவின் மூவார் பகுதியில் அவசரநிலை பிரகடனமானதும், சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நடந்துகொண்டிருந்தபோதுதான். அங்கே காலையில் குறியீட்டைப் பார்த்த பிறகே குழந்தையை மைதானத்துக்கு அனுப்பும் தாய், சொந்த ஊரின் மலைக்கு வரும்போது மட்டும் எதையும் விசாரிப்பதில்லை. சொந்த மண் நமக்குத் தீங்கு செய்யாது என்ற பாசம்தான் காரணம். அந்தப் பாசத்தை நாம் மதிக்கிறோம், ஆனால் தீ அதை அறியாது.

எதிர்த்திசைப் பிரயாணமும் இதற்கு விலக்கல்ல. தாம்பரத்துப் பெற்றோர் ஆறு மாதத் தங்கலுக்காக ஏப்ரலில் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ விமானம் ஏறினால், அங்கே காடுகள் எரியும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் மகன் அவர்களைத் தேசியப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்கிறான். 2024 ஜூலை 22 இரவு, கனடாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவிலிருந்து பிரயாணிகளும் ஊராருமாகச் சுமார் 25,000 பேர் ஒரே சாலை வழியாக வெளியேற நேர்ந்தது. இரண்டே நாளில் நகரத்தின் ஒரு பெரும் பகுதி சாம்பலாயிற்று.

புகையின் கொடுமையை உணரத் தென்புறநகர்வாசிகள் அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டு எரிந்தபோது, சுற்றுவட்டாரத்தார் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகச் சானடோரியம் அமைத்த ஊர் தாம்பரம். நுரையீரலின் அருமையை அதற்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காட்டுத் தீப் புகையில் மிதக்கும் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. கைக்குட்டை அவற்றைத் தடுப்பதில்லை, என்95 முகக்கவசமே ஓரளவு தடுக்கும்.

இத்தனைக்கும் நடுவே, தீத்தடுப்புக் கோடுகளை வெட்டிச் சீர்செய்து, தீ மூண்டால் பச்சைத் தழைக் கொம்புகளால் அடித்து அடித்தே அணைக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் சொற்ப ஊதியம் பெறும் மலைவாழ் மக்கள். தீயின் விளிம்பில் நிற்கும் அவர்களில் நால்வரை, வழிதவறிய ஒரு சுற்றுலாக் குடும்பத்தைத் தேடுவதற்காக வேறு பக்கம் திருப்பிவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகையால், அடுத்த மார்ச்சில் பிள்ளைகள் வருவதாகக் கடிதமோ வாட்ஸப்போ வந்தால், தாம்பரத்துப் பெற்றோர்களே, அறை பதிவு செய்வதற்கு முன்னால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், கொடுத்த முன்பணம் போனாலும் போகட்டும். பேரக்குழந்தைகளை வேடந்தாங்கலுக்கோ மாமல்லபுரத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். மலைகளை டிசம்பரில் காட்டலாம். அப்போது புல் பச்சையாக இருக்கும்.