திருத்தணியில் நாலு மணி நேரம்!

ஜெர்மனி வழியாக அமெரிக்கா போகிற நம்ம பசங்க, பிராங்பர்ட்டில் விமானம் மாறக் கிடைக்கிற ஆறேழு மணி நேரத்தில் ஊரை ஒரு ரவுண்டு அடித்துவிடத் துடிப்பார்கள். ரயில் பிடித்தால் கால் மணியில் ஊருக்குள் போய்விடலாம். ஆனால், ஏர்போர்ட் வாசலைத் தாண்ட ஷெங்கன் விசா வேணுமே ஸார்!

விசா கேட்காத ஒரு 'ஸ்டாப் ஓவர்' நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பதி போகிற பாதையில், அரக்கோணத்தைத் தாண்டி 13 கிலோமீட்டரில் திருத்தணி. நாம் என்ன செய்கிறோம்? ஜன்னல் வழியே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடுகிறோம். மாமாவைப் பார்க்கிற அவசரத்தில் மருமகனை மறக்கலாமா?

முதலில் டிக்கெட். சென்னை - திருப்பதி டிக்கெட்டோடு நடுவில் இறங்கி, அடுத்த ரயிலில் ஏறினால் பரிசோதகரிடம் மாட்டிக்கொள்வீர்கள். 'பிரேக் ஜர்னி' சலுகை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டுக்குத்தான். இது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் திருத்தணி வரை மின்சார ரயிலில் வாருங்கள். அங்கிருந்து தனி டிக்கெட். இல்லாவிட்டால் பஸ் இருக்கவே இருக்கிறது.

காலையில் இறங்கியதும் நேரே மலைக்கு. படிகள் 365, வருஷத்தின் நாளுக்கு ஒன்று. வெயில் ஏறிவிட்டால் படி சுடும். ஆபீஸ் நாற்காலியில் தொப்பை வளர்த்தவர்கள் பயப்பட வேண்டாம், மேலே போக ரோடும் உண்டு. ஏறி, தரிசித்து, இறங்க இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். சந்நிதிக்கு எதிரே இருக்கும் யானையைக் கவனியுங்கள். வாகனம் சுவாமியைப் பார்த்துத்தானே நிற்கும்? இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது!

ஆடிக் கிருத்திகையும் டிசம்பர் 31 இரவும் மட்டும் இந்தக் கணக்குக்கு உதவாது. அன்றைக்குக் கூட்டம் அலைமோதும். முதல் நாளே வந்துவிடணும்.

கீழே வந்தால் நந்தியாற்றங்கரையில் வீரட்டானேஸ்வரர் கோயில். அபராஜித பல்லவன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. வயசு ஆயிரத்து நூறுக்கும் மேல். முக்கால் மணி போதும்.

மிச்ச நேரத்தைக் கடைத்தெருவுக்கு வையுங்கள். ஒரு டீயைக் குடித்துக்கொண்டு காதைத் தீட்டினால், தமிழும் தெலுங்கும் கலந்து விழும். காரணம் இருக்கிறது. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் எல்லைப் போராட்டம் நடத்தினார்கள். ம.பொ.சி. சிறைக்கும் போனார். கடைசியில் படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் ஊர் நம்மிடம் வந்து சேர்ந்தது. இல்லையென்றால் முருகனின் ஐந்தாம் படைவீட்டுக்கு மாநில எல்லையைத் தாண்டித்தான் போயிருப்போம்!

அவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஊர். அதை ரயில் ஜன்னல் வழியாகவா பார்ப்பது? அடுத்த தடவை இறங்குங்க ஸார்!