பதினாறா, ஆறா?

மாடு வாங்கப் போகின்றவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சேலை வாங்குபவர் நூலை நெருடிப் பார்ப்பார். கணினிக்கு உறுப்பு வாங்கப் போகின்றவரோ பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பதோடு அமைந்துவிடுகின்றார். சென்ற ஆண்டு எம் வீட்டில் நிகழ்ந்ததும் அதுவே. மாணவர்க்குக் கணிதம் கற்பிக்கும் நாமே எண்ணைக் கண்டு மயங்கினோம் என்பதை ஒளியாது சொல்லிவிட்டு மேலே செல்கின்றோம்.

எம் மூத்த மகன் உயர்தரப் பரீட்சை எழுதியபின் அயலிலுள்ள சிறுவர்க்கு ஓராண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு தொகை சேர்த்திருந்தான். அவன் முதன்முதல் ஈட்டிய பொருள் அது. அதனைக் கொண்டு வீட்டுக் கணினியைச் சீர்செய்து, ‘சிற்றீஸ்: ஸ்கைலைன்ஸ்’ என்னும் விளையாட்டைத் தடையின்றி ஆடவேண்டுமென்பது அவன் ஆசை. 2015 இல் வெளிவந்த அவ்விளையாட்டில் ஆடுபவரே வீதியும் நீர்க்குழாயும் பாடசாலையும் அமைத்து ஒரு நகரை வளர்த்தல் வேண்டும். அவன் நகரிற் குடிகள் பெருகப் பெருகத் திரையிற் படம் தட்டித் தட்டி நின்றது.

எம் கணினியில் இருந்த புரொசசர், 2018 இல் வெளிவந்த றைசன் 3 2200ஜீ என்பது. அதில் நான்கு கோர்கள். கோர் என்பது தனித்து நின்று கணிக்கவல்ல ஒரு பகுதி. ஒரே சில்லினுள் இருக்கும் தனித்தனி மூளை எனலாம். கடைக்காரர் பதினாறு கோர்கள் கொண்ட றைசன் 9 5950எக்ஸை எடுத்துக் காட்டினார். நான்கைப் பதினாறாக்கினால் வேகம் நான்கு மடங்காகுமன்றோ என்று நாமும் தலையசைத்தோம். அவன் சேமிப்பு முழுவதும் போக, எம் கையிலிருந்தும் சிறிது இடவேண்டியிருந்தது. மகன்தான், “இரண்டு நாள் பொறுத்து வாங்குவோம், அப்பா” என்றான்.

அவ்விரண்டு நாளில் நாம் கற்றவற்றை இங்கே தருகின்றோம்.

கோர்கள் பெருகியதற்குக் காரணம் வெப்பம். 2004 ஆம் ஆண்டுவரை ஒரே கோரின் துடிப்பை விரைவாக்குவதே வழியாக இருந்தது. அவ்வாண்டில் இன்டெலின் பென்ரியம் 4 புரொசசர் 3.8 கிகாஹேட்ஸை எட்டியது. அதற்குமேல் விரைவுபடுத்தினால் சூட்டைத் தணிப்பது அரிதாயிற்று. எனவே 2005 இல் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் வீட்டுக் கணினிக்கு இரட்டைக் கோர் சில்லுகளைக் கொணர்ந்தன. பின்னர் அது நான்காகி, எட்டாகி, பதினாறாகியது.

ஆனால் எல்லா வேலையையும் பங்கிட்டுக் கொடுத்தல் இயலாது. திருமண வீட்டிற் காய்கறி அரியப் பத்துப் பேர் இருந்தால் வேலை விரைவில் முடியும்; உலையில் ஏற்றிய சோறு வேகும் நேரத்தை அப்பத்துப் பேரும் சூழ நின்றாலும் குறைத்தல் இயலாது. இவ்வுண்மையை 1967 இல் ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் எடுத்துரைத்தார். அது இன்றும் அம்டால் விதி எனப்படுகின்றது.

மாணவர்கள் ஒரு தாளை எடுத்து எம்முடன் கணித்துப் பார்க்க. திரையில் ஒரு படத்தை ஆக்க ஒரு கோருக்கு 30 மில்லிசெக்கன் வேண்டுமென்க. அதிற் பங்கிட இயலாத வேலை 12, பங்கிடத்தக்கது 18. நான்கு கோர்கள் இருப்பின் 12 உடன் 4.5 கூடி 16.5 ஆகும், செக்கனுக்கு ஏறக்குறைய 60 படங்கள். பதினாறு கோர்கள் இருப்பின் 12 உடன் 1.125 கூடி 13.125 ஆகும், செக்கனுக்கு 76 படங்கள். நான்கு மடங்கு கோர்கள். கிடைத்த ஊதியமோ கால்பங்கு.

இனி, ஒவ்வொரு கோரும் ஒன்றரை மடங்கு விரைவாக இயங்கும் புதிய தலைமுறைச் சில்லைக் கொள்க. அத்தகைய ஆறு கோர்கள் 10 மில்லிசெக்கனில் வேலையை முடிக்கும். செக்கனுக்கு 100 படங்கள். பதினாறு இருந்தால் 114. றைசன் 5 5600 ஆறு கோர்கள் உடையது. 5950எக்ஸும் அதுவும் ஒரே தலைமுறையின. 5950எக்ஸ் 2020 இல் வெளிவந்தபோது அதன் விலை 799 அமெரிக்க டொலர். 2022 இல் வெளிவந்த 5600 இன் விலை 199 டொலர். எம் உதாரணக் கணக்கின்படி, ஏழிலொரு பங்கு நன்மைக்காக நான்கு மடங்கு விலை.

இதற்கு மேலும் ஒரு சான்றுண்டு. 2022 இல் வந்த றைசன் 7 5800எக்ஸ்3டி இல் எட்டுக் கோர்களே உண்டு. ஆயினும் பெரும்பாலான விளையாட்டுகளில் அது பதினாறு கோர்ச் சில்லை முந்தியது. அதனுள் அமைந்த 96 மெகாபைற்றுப் பதுக்கு நினைவகமே காரணம். வேண்டிய தரவு அருகிலேயே இருந்தமையால் கோர்கள் காத்துக் கிடக்கவில்லை.

பதினாறு கோர்கள் வீண் என்று நாம் கூறவில்லை. வீடியோ தொகுப்போர்க்கும் முப்பரிமாணப் படம் ஆக்குவோர்க்கும் அவை பெருந்துணை. அவ்வேலைகள் காய்கறி அரிவது போன்றவை. அன்றியும் நான்கு கோர்கள் இக்காலத்துப் புது விளையாட்டுகளுக்குப் போதா. 2020 இல் வெளிவந்த பிளேஸ்ரேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் எட்டுக் கோர்கள் இருத்தலின், விளையாட்டு ஆக்குவோர் அதனை மனத்திற்கொண்டே எழுதுகின்றனர். ஆறு நன்று, எட்டு வசதி.

இவை யாவற்றிற்கும் முன்னர்ச் செய்யவேண்டிய சோதனை ஒன்றுண்டு. விளையாட்டில் திரையின் தெளிவை 1920க்கு 1080 இலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்துப் பார்க்க. படங்களின் எண்ணிக்கை நன்கு உயர்ந்தால் குறை கிராபிக்ஸ் அட்டையினது. புரொசசரை மாற்றிப் பயனில்லை. உயராதிருந்தால் குறை பெரும்பாலும் புரொசசரினது. மகன் சோதித்தான், எண்ணிக்கை அசையவில்லை. குற்றவாளி இன்னாரென்று தெரிந்துகொண்டே நாம் மீண்டும் கடைக்குப் போனோம்.

அங்கே 5600 ஐயே வாங்கினோம். எம் பழைய பி450 தாய்ப்பலகை அதனை ஏற்கும். ஆயினும் பழைய சில்லைக் கழற்றுமுன் பலகையின் பயொஸைப் புதுப்பித்தல் வேண்டும். அதனை மறந்து சில்லை மாற்றினால் கணினி விழிக்காமற் போகலாம். இன்னொன்று: 2200ஜீ யில் இருந்த உள்ளமைந்த கிராபிக்ஸ் வசதி 5600 இல் இல்லை. தனி அட்டை எம்மிடம் முன்னரே இருந்தமையாற் பிழைத்தோம். 5600 இன் பெட்டியிற் குளிர்விசிறியும் வரும். 5950எக்ஸுக்கு அதனை வேறாக வாங்குதல் வேண்டும்.

எஞ்சிய பணத்தில் இன்னொரு 8 கிகாபைற்று நினைவகத்தை வாங்கிப் பழையதற்கு இணையாகச் செருகினான். மிகுதி அவன் சேமிப்புப் புத்தகத்திலேயே கிடக்கின்றது. அவன் நகரில் இப்பொழுது பேருந்துகள் தட்டாமல் ஓடுகின்றன.

பிள்ளைகள் இத்தகைய பொருளைக் கேட்கும்போது பெற்றோர் சிலர் வீண்செலவென்று தள்ளிவிடுவர். சிலர் பெரியதே நல்லதென்று வாங்கிக் கொடுத்துவிடுவர். ஒரு மாலைப்பொழுது தாளும் பென்சிலுமாகப் பிள்ளையின் அருகே அமர்ந்து பார்ப்பது இரண்டினும் நன்று. எம் வீட்டில் அன்று கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், கற்றவர் யார் என்பதை வாசகர்களே அறிந்துகொள்வர்.